படுக்கவைத்த அளவு

மூன்றாவதும் கிழிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி. கலைவேந்தனின் அம்மா கனகாம்பாள் பேத்திகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தாள். கலைவேந்தன் கிழிந்த ஆணுறையைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வெண்ணிலா எழுந்து சுடிதாரை மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். வில்லியனூரில் மாத்திரையை வாங்கி, மருந்துக்கடை வாசலிலேயே விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

நான்கு மாதத்தில் அது மூன்றாவது அவசர மாத்திரை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டாலும் எல்லா முறையும் அது காப்பாற்றிவிடாது என்று கடையில் இருந்த பெண் போன முறையே சொல்லியிருந்தாள்.

வெண்ணிலாவுக்கு இரண்டும் சிசேரியன். சின்னவளுக்கு இப்போது எட்டு மாதம். அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், வெண்ணிலா ஐந்து நாள் கண்ணைத் திறக்கவில்லை. கர்ப்பப்பையில் தையல் போட்ட இடம் மெலிந்திருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் இன்னொன்று தங்கினால் தாயைக் காப்பாற்ற முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் அவனையும் நிற்கவைத்துச் சொன்னார். அவளுக்குக் கருத்தடை அறுவை செய்ய ரத்த அளவு போதவில்லை. காப்பர் டி வைத்ததில் உதிரப்போக்கு அதிகமாகி அதை எடுத்துவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு இருந்ததால் தினசரி மாத்திரையும் ஒத்துவராது. மிஞ்சியது ஆணுறை ஒன்றுதான். அல்லது அவன் அறுவை செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த நர்ஸ் இதைச் சொன்னபோது கனகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரே மகன், அவனுக்கும் இரண்டு பெண்கள் என்றாள். கலைவேந்தன் நர்ஸுக்கு டீ கொண்டுவரச் சொன்னானே தவிர வேறு பேசவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்தான். வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்ததால் அவனுக்கு வேலை ஓயவில்லை. மனைக்கு ஒரு போர்வெல், போர்வெல்லுக்கு ஒரு மோட்டார், அதற்குக் குழாய். அன்று காலையிலிருந்து ஒரு மனையில் அறுபத்து மூன்று மில்லிமீட்டர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தான். பைக்கை நிறுத்திவிட்டுக் கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனவன் அப்படியே நின்றான்.

துவைக்கிற கல்லின் பக்கத்தில் வெண்ணிலா குந்தியிருந்தாள். அவன் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்த பெட்டி பிரிந்து கிடந்தது. மீதியிருந்த மூன்று ஆணுறைகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கட்டி, துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்துடப்போறாங்க. இன்னா பண்ற?"

"ஒழுகுதான்னு பாக்கறேன்."

"அது புதுசு. ஏன் ஒழுகும்?"

அவள் திரும்பாமலே கேட்டாள். "ஊசியால குத்துனீங்களா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கை கழுவாமல் கல்லின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. ஊரில் யாருக்கும் கிழியவில்லை, இந்த வீட்டில் மட்டும் மூன்று முறை கிழிந்திருக்கிறது. அத்தைக்குப் பேரன் வேண்டும். அறுவை என்றதும் அவன் வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தனக்கு என்ன தோன்றும் என்று கேட்டாள். குரல் உயரவில்லை. தன்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருபவர்களிடம் துணி போதாது என்று சொல்லும் அதே குரல்.

"அஞ்சு நாள் ஆஸ்பத்திரி வராண்டாலயே கெடந்தேன்," என்றான் அவன். "உன்னச் சாகடிக்கறதுக்கா?"

"அப்போ ஏன் கிழியுது? அதச் சொல்லுங்க."

அவன் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினான். முதலில் கிழிந்தது ஐம்பத்திரண்டு. பெட்டியின் பின்பக்கம் அப்படித்தான் போட்டிருந்தது. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை அங்குலக் குழாய்க்கும் மேலே. அது தனக்குத் தொளதொள என்று இருக்கும், தளர்ந்த இணைப்பில் ஹோஸ் பிய்த்துக்கொண்டு போவதுபோல மடிந்து கிழிந்திருக்கிறது என்று நினைத்தான். மோட்டார் பட்டறையில் தண்டின் விட்டம் பார்க்கிற வெர்னியரைக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தன்னையும் அளந்தான். நாற்பத்து மூன்று. ஆகவே அடுத்த இரண்டு முறையும் இருப்பதிலேயே சின்னதாகத் தேடி நாற்பத்தொன்பது வாங்கினான். போடவே முடியவில்லைதான். இறுக்கமாக இருந்தால்தான் கசியாது என்று விட்டுவிட்டான். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியதும் உண்மை.

வெண்ணிலா இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து ஒன்றை அவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, கல்லின்மேல் வைத்து, உள்ளங்கையால் நீவித் தட்டையாக்கினாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் குறுக்கே வைத்தாள்.

"இங்க பாருங்க. இன்னா காட்டுது?"

அவன் குனிந்தான். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு குறைவு.

"நாப்பத்தொம்பது."

"இது படுக்கவெச்ச அளவு. ரவிக்கையப் படுக்கவெச்சு அளந்தா பதினேழு வரும். போடறவங்க மார்பு சுத்து முப்பத்திநாலு. பாதிதான் தெரியும். நீங்க குழாய் மாதிரி வாய் அளவுன்னு நெனச்சுக்கினீங்க."

கலைவேந்தனின் மனசுக்குள் கணக்கு ஓடியது. நாற்பத்தொன்பதை இரண்டால் பெருக்கினால் தொண்ணூற்றெட்டு. அது சுற்றளவு. அதிலிருந்து விட்டம் எடுத்தால் முப்பத்தொன்று. முப்பத்தொன்றுக்குள் நாற்பத்து மூன்றை எண்ணெய் தடவித் திணித்திருக்கிறான். ஒரு முறை கிழிந்ததும் பெரிதாக வாங்குவதற்குப் பதில் சின்னதாக வாங்கியிருக்கிறான். இருபது வருடமாகக் குழாய் இறக்கிய மூளை.

அவள் நாடாவை அவனிடம் நீட்டினாள். "போய் அளந்துகினு வாங்க. வெர்னியர் வேணாம். சுத்தி அளங்க."

அவன் உள்ளே போய்த் திரும்பிவந்து, பதின்மூன்றரை என்று வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னான். அவள் சிரிக்கவில்லை. மூன்று ஆணுறைகளையும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள். அவன் வார்த்தையை மட்டும் நம்பி இனி எதுவும் வாங்கப்போவதில்லை என்பதை அவன் புரிந்துகொண்டான்.

வில்லியனூர்க் கடையில் காலை பத்து மணிக்கே கூட்டம். தராசுத் தட்டுபோல இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுத்த கீதாஞ்சலிதான் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். கலைவேந்தன் கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கினான். வெண்ணிலா ஒதுங்கவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு நின்ற பெரியவருக்கு அடுத்து நின்று, தன் முறை வந்ததும் ஆணுறை வேண்டும், சுற்றளவு பதின்மூன்றரை சென்டிமீட்டர் என்றாள். பெரியவர் சில்லறையை எண்ணாமலே எடுத்துக்கொண்டு போனார்.

கீதாஞ்சலி ஒரு கணம் தயங்கிவிட்டு அலமாரியைத் திறந்தாள். பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் லார்ஜ், எக்ஸ்எல் என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது என்றாள். சிலவற்றில் நீளம்தான் கூடுதல், அகலம் சாதாரணம். பின்பக்கத்தில் மில்லிமீட்டர் பார்க்க வேண்டும். சுற்றளவில் பாதி எடுத்து, ரப்பர் இழுத்துப் பிடிக்க அதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். பாதி அறுபத்தேழு, ஆகவே அறுபது.

"அறுபத்தஞ்சா வாங்கிட்டா இன்னும் பத்திரம் இல்லியா?" என்று கலைவேந்தன் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"வேணாம்ணா. லூசா இருந்தா உள்ளயே கழண்டுடும். அதுவும் ஆபத்துதான். எண்ணெய் எதுவும் தடவாதீங்க, ரப்பர் போயிடும். தண்ணி ஜெல்லு இருக்குது, அதப் போடுங்க."

கடையில் ஐம்பத்தாறு வரைதான் இருந்தது. அறுபது வரவழைக்க வேண்டும், நான்கு நாள் ஆகும். ஐம்பத்தாறைக் கொடுக்கலாமா என்று கீதாஞ்சலி கேட்டாள். வேண்டாம் என்றாள் வெண்ணிலா. கர்ப்பம் பார்க்கிற அட்டை ஒன்றை மட்டும் வாங்கினாள். உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று கீதாஞ்சலி எச்சரித்தாள்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. அறுபது அளவுப் பெட்டி வந்தது. கலைவேந்தன் அதை வாங்கிவந்து அவளிடம் கொடுத்தான். அவள் பிரிக்கவில்லை. இரண்டாவது வாரம் காலையில் அவளுக்குக் குமட்டியது. கனகாம்பாள் அதைக் கவனித்துவிட்டாள். மருமகள் கேட்காமலேயே ஒரு மாங்காயை நறுக்கி உப்பு தூவி வைத்தாள். வெண்ணிலா அந்தத் தட்டைத் தொடவில்லை. கலைவேந்தன் அதை எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியில் கொட்டியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மூன்று வாரம் முடிந்த காலை, அவள் அட்டையோடு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே கனகாம்பாள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மகனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, இந்த முறை பையனாகத்தான் இருக்கும், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

கதவுக்கு உள்ளே அவள் அவன் பதிலுக்காக நின்றாள். கையில் இருந்த அட்டையைப் பார்க்கவில்லை.

"வந்துச்சுன்னா அவ இருக்கமாட்டாம்மா," என்றான் கலைவேந்தன். "நான் பேரு குடுத்துட்டேன். அடுத்த புதன்கிழம எனக்கு ஆபரேஷன். அப்புறமும் மூணு மாசம் ஒற போடணும்னு சொல்லியிருக்காங்க. இனிமே இந்த வூட்ல பையனப் பத்திப் பேச வேணாம்."

கனகாம்பாள் சின்னவளின் முதுகைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வெண்ணிலா அட்டையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கதவைத் திறந்து வந்து அதை மாமியாரிடமே நீட்டினாள். கனகாம்பாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கோடு இருக்குதே. ஒண்ணுன்னா இன்னா அர்த்தம்?"

"இல்லன்னு அர்த்தம், அத்த."

கனகாம்பாள் அட்டையை ஜன்னல் திட்டில் வைத்தாள். குழந்தையை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கலைவேந்தன் பைக் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு நின்றான். வெண்ணிலா குழந்தையோடு அவன் பக்கத்தில் வந்து, புதன்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டாள்.