ஒன்பதாம் தீவின் கதவு

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று அண்ணன் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தானா வலப்பக்கமா என்பது குழம்புகிறது. திரையில் பார்த்த கதவும் பதினோரு வயதில் பார்த்த கதவும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பேசிய பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

பதினோரு மணிக் காட்சி. எங்களைத் தவிர முன்வரிசையில் ஒரு தம்பதி மட்டும். நடுவில் நான், ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் திருப்புளி. திருப்புளி எங்கள் சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது பெரியவன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வளர்ந்தான். கடிகாரம், டார்ச், தையல் மெஷின் என்று கண்ணில் படுவதையெல்லாம் கழற்றிவிடுவான் என்பதால் வந்த பெயர். அவனும் அண்ணனும் பேசிப் பதினாறு வருடமாகியிருந்தது.

அந்தப் படம் நாங்கள் விளையாடிய ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்தது. கையில் விளக்கோடு ஒருவன் ஒன்பது தீவுகளைக் கடக்க வேண்டும். எழுத்தெல்லாம் எங்களுக்குப் புரியாத மொழி. எட்டாம் தீவுவரை போக அண்ணனுக்கு நான்கு மாதம் பிடித்தது. விளையாடியதைப் பதிந்துவைக்க அதில் ஒரே ஓர் இடம்தான். ஒருநாள் அண்ணன் பள்ளி முடிந்து வந்து பார்த்தால் கேம் பெட்டியின் மூடி கழன்று கிடக்கிறது, பக்கத்தில் திருப்புளி. போட்டுப் பார்த்தால் முதல் தீவு. "நான் ஒண்ணும் பண்ணலண்ணா" என்றான். அண்ணன் டிபன் பாக்ஸால் அடித்ததில் அவன் முன்பல் பாதி போயிற்று. அப்பா அவனை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். பெட்டியைப் பழைய சாமான் கடையில் போட்டார். வீம்புக்காக அண்ணன் அந்த விளையாட்டின் முடிவை அதற்குப் பிறகு எங்கும் தேடிப் பார்க்கவில்லை.

அழித்தது நான். அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன். அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொட்டுப் பார்த்தேன், எப்படியோ கடைசிவரை போய்விட்டேன். முடிந்ததும் திரை ஏதோ கேட்டது. படிக்கத் தெரியாமல் பொத்தானை அழுத்தினேன். முதல் தீவு வந்து நின்றது. பயத்தில் வயரைப் பிடுங்கிவிட்டு, பள்ளியிலிருந்து முதலில் வந்த திருப்புளியிடம், "படமே வரல, என்னன்னு பாரேன்" என்றேன். அவன் ஆசையாகத் திருப்புளியை எடுத்தான்.

படம் வந்தபோது திருப்புளிக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. அண்ணன் லிஃப்ட் பராமரிக்கும் தொழில் செய்கிறான், அப்போது துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான்தான் பேசிப் பேசி இருவரையும் தியேட்டர்வரை இழுத்து வந்தேன்.

"நான் லிஃப்ட் கூண்டு மேல ஏறி நிப்பேன். மெஷின் ரூம்ல சுவிட்ச் மேல கை வச்சிருக்கப்போறது அவன். தொட்டா தொட்டேன்னு சொல்ற ஆள் வேணும் எனக்கு" என்று முந்தின நாள் அண்ணன் சொல்லியிருந்தான். "படம் முடியட்டும், சொல்றேன்."

இதை நான் திருப்புளியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அவ்ளோதானே? நான்தான்னு சொல்லிட்டுப் போறேன். தேஞ்சா போயிடுவேன்?"

எங்கள் மூவருக்கும் ஒரு பழைய வழக்கம் உண்டு. விளையாட்டைப் படமாக எடுத்தால் எங்கெங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணுவோம். தப்பு தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவன் சரியானதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணக்கில் சேராது. அண்ணனும் நானும் அதை விடவேயில்லை.

படம் தொடங்கி இருபது நிமிடம் யாரும் கை தூக்கவில்லை. இரண்டாம் தீவில் திருப்புளியின் கை தானாக மேலே போயிற்று. அவனே திடுக்கிட்டு அதைப் பாதியில் இறக்கினான்.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "சரி எது?"

பதினாறு வருடத்தில் அண்ணன் திருப்புளியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"படகு... படகுக்குத் துடுப்பே கிடையாதுண்ணா. கயிறு."

"ம். ஒண்ணு."

இடைவேளையில் வராந்தாவில் மூவரும் நின்றோம். திருப்புளி பாப்கார்ன் பொட்டலத்தைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "அண்ணா, அன்னைக்கு அத அழிச்சது நான்தான்."

நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்பை இரண்டு முறை படித்தேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா பல்லு தப்பிச்சிருக்கும்டா" என்றான் அண்ணன். கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கி ஒரு பிடி அள்ளினான். "உப்பே இல்ல."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வேலை கிடைத்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது எனக்குப் பழக்கம்தான்.

கடைசியில் ஒன்பதாம் தீவு வந்தது. நாயகன் குகைச் சுவருக்கு முன்னால் நின்று விளக்கை உயர்த்திப் பிடித்தான். வெளிச்சம் பாய்ந்தது. சுவரில் கதவு தெரிந்தது. இசை முழங்கியது.

இல்லை, இப்படி இல்லை. நினைத்தேனா இல்லையா என்று தெரியாது. கை மட்டும் மேலே போயிருந்தது.

"சரி எது?" என்றான் அண்ணன், வழக்கம்போல.

"விளக்க அணைக்கணும். இருட்டானாதான் கதவு தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. திருப்புளி என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் பார்க்கவில்லை. அவன் மெல்லுவது நின்றுவிட்டது. திரையில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"நெட்ல பாத்தியா?"

ஆமா என்றால் போதும். அவனே எடுத்துக் கையில் கொடுத்த பதில். எழுத்துகள் ஓடத் தொடங்கின. விளக்குகள் எரிந்தன. முன்வரிசைத் தம்பதி எழுந்து போனார்கள். துப்புரவு செய்கிற பெண் துடைப்பத்தோடு உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றேன். "காய்ச்சல்னு வீட்ல இருந்தேன்ல, அன்னைக்குப் பாத்தேன். முடிச்சது நான். அழிச்சதும் நான்."

"படம் வரலன்னு சொன்னியே?" என்றான் திருப்புளி.

"வயர நான்தான் புடுங்கினேன்."

திருப்புளியின் நாக்கு உடைந்த பல்லைத் தடவுவது மேலுதட்டில் தெரிந்தது. அண்ணன் அவன் பக்கம் திரும்பினான். குரல் கடுமையாக இருந்தது. "அப்ப இன்டர்வெல்ல எதுக்குடா நான்தான்னு சொன்ன? வேலைக்காகவா?"

வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"வேலைக்காகத்தான்" என்றான் திருப்புளி. "ஆனா பொய் இல்லண்ணா. மூடியத் திறந்தேன், உள்ள எதையும் தொடல. தொடலதானேன்னு ஹாஸ்டல்ல மொத ராத்திரி ஒரு சந்தேகம். அப்புறம் நான்தான் போலன்னு விட்டுட்டேன். அதுலேருந்து எத மூடினாலும் மூணு தடவ பாக்கறேன். முந்தி வேலை பாத்த இடத்துல சூப்பர்வைசர் திட்டுவாரு, இவன் ஒரு ஸ்க்ரூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறான்னு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் தொடவே இல்ல. இல்ல?"

"இல்ல" என்றேன்.

துடைப்பம் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. கால்களைத் தூக்கிக்கொண்டோம். அண்ணன் எழுந்து, கால்சட்டையில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டான்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு" என்றான் திருப்புளியிடம். "மூணு தடவ பாக்கற ஆள்தான் மெஷின் ரூம்ல நிக்கணும்."

படியிறங்கும்போது அண்ணன் கை திருப்புளியின் தோளில் இருந்தது. நான் நான்கு படி பின்னால் வந்தேன்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அண்ணனும் திருப்புளியும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இதுவரை விபத்து ஏதும் இல்லை. இப்போது அவர்களிடம் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். திருப்புளி பல்லைக் கட்டிக்கொண்டான். அண்ணன் ஆறேழு மாதம் கழித்து என்னோடு பேசத் தொடங்கினான். திருப்புளி பேசுவதில்லை. எதிரே வந்தால் தலையசைப்பான். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் போன வருடம் வந்தது. அவர்கள் இருவரும் முதல் நாளே போனார்கள். நான் அடுத்த வாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன்.