எபேர் பிளாஸ்கைக் கீழே வைத்த கதை

1

இந்தக் கதை, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எனக்குக் கிடைத்தது. கீழே, பக்கத்து வீட்டுப் பின்கட்டில், தொட்டியில் முழங்கால் உயரம் வளர்ந்த கஞ்சாச் செடி ஒன்றின் முன்னால் நிபியா முடிவெட்டும் கத்தரியோடு நின்றிருந்தாள். வெட்டவில்லை. கடைசிச் சட்டைக்கும் நான் கிளிப் போட்டு முடித்தேன். அப்போதும் வெட்டவில்லை.

வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன் நான். கை சும்மா இருக்குமா?

சுவருக்கு அப்பால் ஒரு நிழல் அசைந்தது. நிபியாவின் முதுகுத்தண்டில் சில்லென்று—

[இந்த வரியை அடித்துவிட்டேன். நவம்பர் மதியம். மான்டெவிடியோ நகரமே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தது. அசைந்தது ஜகரண்டா மரம். ஊதாப் பூ ஒன்று, விழ மனமில்லாமல் விழுந்தது.]

போலீஸையும் எதிர்பார்க்காதீர்கள். பெயரைப் பதிந்துகொண்டால் இங்கே வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம். போலீஸ் வராத கஞ்சாக் கதை! என் தொழிலுக்கே இழுக்கு.

2

ஆறில் ஐந்தை எறும்புகள் இலை இலையாக அறுத்துச் சுமந்துபோய்விட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

போன வருடம் செடிகள் சுவருக்கு மேலே தலையை நீட்டின. பூ முற்றும் நேரத்தில் எவனோ ஏறிக் குதித்து வேரோடு பிடுங்கிப் போனான். அந்தப் பூவில் காய்ச்சும் தைலம்தான் நிபியாவின் விரல் மூட்டுகளுக்கு மருந்து. தைலமில்லாத அந்தக் குளிர்காலத்தில் விரல்கள் மடங்க மறுத்தன. வாசலறையில் நடத்திவந்த பார்லரைப் பூட்டி, கண்ணாடிக்குத் துணி போட்டு மூடினாள். இந்தச் செடி பூத்தால் அந்தத் துணி விலகும். அவ்வளவுதான் கதை.

அதற்குச் செடி சுவருக்குக் கீழேயே இருந்தாக வேண்டும். நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கிளை வரும். அவற்றை வளைத்துக் கட்டினால் உயராமல் அகலும்.

3

நிபியாவின் கணவன் எபேர் வந்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடது அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், இடது கையில் மாத்தே என்னும் கசப்பு இலைத் தேநீர்க் குடுவை. (இந்த ஊரில் மனிதனுக்கு ஒரு கைதான். இன்னொன்று மாத்தே குடிக்க.)

"என்ன கெழவி, செடிக்குக் கிராப்பா, பாப் கட்டா?"

"தலையவே எடுக்கப் போறேன்."

"அது ஒண்ணுதான் நேரா வளந்திருக்கு. அதப் போயி..."

"நேரா வளந்தததான் போன வருஷம் தூக்கிட்டுப் போனான்."

"பச்சப் புள்ளடி."

"நீ உன் மாத்தேய உறிஞ்சு. புள்ளயாம் புள்ள."

இரண்டு கையாலும் கத்தரியைப் பிடித்து வெட்டினாள். நுனி அவள் செருப்பின்மேல் விழுந்தது.

பிறகு செடி தூங்கியது. வளரவில்லை, வாடவில்லை, வேறெங்கோ போய்விட்டதுபோல நின்றது. நிபியா கனவில் அதற்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். விரல்கள் வலிக்கவில்லை, வார வாரக் கூந்தல் நீண்டுகொண்டே போனது. ஒரு காலையில், வெட்டிய இடத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் இரண்டு கிளை.

4

[எபேர்மேல் எனக்குச் சந்தேகம். போன வருடத் திருடன் அவன்தான் என்று வைத்தால்? எபேரின் கண்களில் ஒரு குரூரம்— எடுபடவில்லை. எறும்புகளைப் பார்த்து, "போதும்மா, வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்சியவன் அவன்.]

அவன் செய்தது வேறு. கிளைகள் நீண்டதும், முடி சுருட்டும் உருளைகளைத் தொட்டி மண்ணில் முளைக்குச்சிகளாக ஊன்றி, பழைய காலுறையைக் கிழித்து நாடாவாக்கி, நிபியா தயாரானாள்.

"புடி. மெல்ல வளை. ரெண்டு கையாலயும்."

"இதுக்கு ஒண்ணு போதும்."

பிளாஸ்க் நழுவியது. அக்குளை இறுக்கிக்கொண்டு உடம்பைச் சாய்த்தான். கிளையும் கூடவே சாய்ந்தது. சின்னச் சத்தம். தண்டோடு சேருமிடத்தில் கிளை பிளந்துவிட்டது.

பிளாஸ்க் பத்திரம்.

"காப்பாத்திட்டல்ல? போ, அதையே கட்டிக்கிட்டு அழு," என்றாள் நிபியா.

பிளவைச் சேர்த்துப் பிடித்து, நாடாவைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். 

5

முடிவுகள்.

(அ) திருடன் வருகிறான். கட்டுப் போட்ட செடியைப் பார்த்து மனம் திருந்தி— [இதை வாங்க ஆளுண்டு. எழுத நானில்லை.]

(ஆ) கட்டை அவிழ்க்கிறாள். உள்ளே கிளை கருத்து— [கண்ணாடிமேல் கிடக்கும் அந்தத் துணி ஞாபகம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.]

நடந்தது இதுதான். இன்று மதியம், அதே மாடி, அதே ஊதாப் பூக்கள். நிபியா தொட்டியருகே உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கிளையின் இலைகள் நிமிர்ந்திருக்கின்றனவா, துவண்டிருக்கின்றனவா, இங்கிருந்து தெரியவில்லை.

எபேர் வருகிறான். பிளாஸ்கைத் தரையில் வைக்கிறான். குடுவையையும் வைக்கிறான்.

நிபியா அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். "உடம்புக்கு என்ன?"

"புடிச்சிக்கிறேன். அவுத்து விடு."

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். அவள் விரல்கள் முடிச்சுக்குப் போகின்றன, வழுக்குகின்றன. பல்லால் கடிக்கவும் முடியாது. அவன் கைகள் குறுக்கே.

"நீயே அவுத்து விடேன்."

"கைய எடுத்தா கிளை போயிரும்டி."

"அப்ப எடுக்காத."

எடுக்கவில்லை. அப்படியே இருக்கிறார்கள். பிளாஸ்கின் மூடிமேல் ஒரு பூ விழுகிறது.

நான் மாடியில், கையில் ஈரத்துணி. வாசகரே, நீங்கள் அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் விரல்கள் மடங்கும் அல்லவா?

மெதுவாக. முதலில் முடிச்சின் இடது பக்க நுனி.