நாரை தெரிந்த சுற்று

எந்தக் காரையும் ஒரு தடவைதான் முதல் தடவையாக ஓட்ட முடியும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஃபுல்வியோ எங்கள் கம்பெனியின் சோதனை ஓட்டுநர். அவர் மனைவி மார்ட்சியா ஸ்டீயரிங் பிரிவின் பொறியாளர். இரண்டு வருடமாக ஒரே காரை ஓட்டி ஓட்டி இருவருக்கும் அது மரத்துப் போயிருந்தது. இது எல்லாப் புதுக் காருக்கும் நடப்பதுதான். ஆகவே எங்கள் முதலாளி காவாட்சூட்டி ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடைசி முடிவுக்கு முன்னால், அந்தக் காரில் ஒருநாளும் உட்காராத ஓர் ஆளை டிராக்கில் ஓட்டச் சொல்வார். ஆள் தொழிற்சாலைக்குள்ளிருந்தே வர வேண்டும், ஆனால் ஓட்டுநராக இருக்கக் கூடாது.

போன காருக்குக் கேன்டீன் சமையல்காரர். இறங்கி வந்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா என் பொண்டாட்டிய இதுல ஏத்த மாட்டேன்" என்றாராம். அந்த ஒரு பேச்சில் மார்ட்சியாவின் ஸ்டீயரிங் தள்ளுபடியானது.

இந்தக் காருக்கு நான். எனக்கு ஒலி அறையில் வேலை. ஒரு வருடமாக இந்த எஞ்சினை ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறேன். எந்த வேகத்தில் எந்தக் குழாய் அதிரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்ததில்லை.

அன்று காலை மார்ட்சியா என்னை அழைத்துப் போனார். நவம்பர் மூடுபனி. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இலேனியா, ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு மறந்துடு."

"சரி."

"ஸ்டுட்கார்ட்லேருந்து வேலைக்குக் கூப்புடுறாங்க. இந்தத் தடவையும் என் ஸ்டீயரிங்கத் தூக்கிப் போட்டாங்கன்னா நான் கெளம்பிடுவேன். ஃபுல்வியோவுக்குத் தெரியாது."

"அவரும் வருவாரா?"

"அவனா? மோதெனாவ விட்டு பக்கத்துல இருக்குற போலோஞ்யாவுக்குப் போறதுக்கே மூஞ்சத் தூக்கி வச்சுக்குவான்." சற்று நேரம் விளக்கையே பார்த்து ஓட்டினார். "எனக்காகப் பேசுன்னு சொல்லல. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

அப்படியானால் இதை ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பொதுவாகவே நான் கேட்பதில்லை.

டிராக்கில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. ஸ்டீயரிங்கின் அமைப்பைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றேதான். ஒன்று மார்ட்சியா அமைத்தது, மற்றது ஃபுல்வியோவின் விருப்பப்படி அமைத்தது. எது யாருடையது என்று எனக்குச் சொல்லக் கூடாது என்பது காவாட்சூட்டியின் கட்டளை. ஆனால் ஒலி அறையின் சுவர் மெல்லியது. வருடம் முழுவதும் இருவரும் போட்ட சண்டையை நான் கேட்டிருக்கிறேன். கனமாக, நிதானமாக இருந்தால் ஃபுல்வியோவுடையது. லேசாக, துடிப்பாக இருந்தால் மார்ட்சியாவுடையது.

பனி விலகும் வரை காத்திருந்தோம். ஃபுல்வியோ ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். சூடான பொரித்த மாவு, உள்ளே மோர்ட்டடெல்லா இறைச்சி.

"சாப்புடுங்க டாக்டரம்மா." பட்டம் வாங்கிய யாரையும் இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிடும்போது மட்டும் அது கிண்டல். "வெறும் வயித்துல ஓட்டுனா பயம் நேரா வயித்துக்குப் போகும்."

"வயிறு நெறஞ்சிருந்தா எங்க போகும்?" என்றார் மார்ட்சியா.

"சீட்டுக்குப் போகும். தோல் சீட்டுதான், தொடச்சுக்கலாம்."

காவாட்சூட்டி கைத்தடியைத் தரையில் தட்டினார். "ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா? பொண்ணு மனசுல எதையும் போடாதீங்க."

பதினோரு மணிக்கு மேல் டிராக் தெளிந்தது. அதைத் தாண்டியிருந்த வயலும் வாய்க்காலும் இன்னும் பனிக்குள்ளேயே இருந்தன. எந்தக் கார் முதலில் என்று காவாட்சூட்டி நாணயத்தைச் சுண்டினார். பச்சை. மூன்று சுற்று ஓட்ட வேண்டும். மூன்றாவதின் முடிவில் ஃபுல்வியோ மஞ்சள் பலகையைக் காட்டுவார். அதைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட வேண்டும்.

உட்கார்ந்ததும் எஞ்சின் ஒலி எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஹெட்ஃபோனில் அது ஒரு நேர்த்தியான பாட்டு. இங்கே முதுகெலும்பின் அடியிலிருந்து ஏறியது. காது அதைக் கவனிப்பதற்குள் பற்கள் கவனித்துவிட்டன. ஒரு வருடம் நான் எதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன் என்று குழப்பமாக இருந்தது.

ஸ்டீயரிங் கனமாக இருந்தது. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினால் கார் பணிவாகக் குனிந்தது. திருப்பினேன், திரும்பியது. இரண்டாம் சுற்றில் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. இறங்கியதும் என்ன சொல்வது? ஸ்டுட்கார்ட்டில் மார்ட்சியா எங்கே வீடு பார்ப்பார்? மஞ்சள் பலகை தெரிந்தது. உள்ளே வந்தேன்.

"எப்படி?" என்றார் காவாட்சூட்டி.

"நல்லாருக்கு."

"வேற?"

"ரொம்ப... நல்லாருக்கு."

ஃபுல்வியோ கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மார்ட்சியா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு வெள்ளை. முதல் வளைவிலேயே தவறு செய்தேன். பச்சைக்குத் திருப்பிய அளவு திருப்பினேன். கார் நான் நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பி உட்பக்க விளிம்பில் ஏறி இறங்கியது. சக்கரம் கல்லைக் கடித்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. கை வேர்த்தது. இந்தக் கார் எனக்குப் பிடிக்கவில்லை என்று தெளிவாக நினைத்தேன். அன்று நான் தெளிவாக நினைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வளைவில் குறைவாகத் திருப்பினேன். சரியாக வந்தது. அதற்கடுத்ததில் திருப்பினேனா, திரும்ப வேண்டும் என்று எண்ணினேனா என்று சொல்ல முடியவில்லை. பிறகு எதையும் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் காவாட்சூட்டியே டிராக்கின் ஓரத்துக்கு வந்து கைத்தடியை ஆட்டிக்கொண்டிருந்தார். நின்றேன்.

"அஞ்சு ரவுண்டு ஓட்டியிருக்க," என்றார். "ரெண்டு தடவ பலகை காட்டியாச்சு."

"நான் பாக்கல."

"கார் புடிச்சுதா?"

"தெரியல."

"பயமா இருந்துச்சா?"

"ஆமா."

"அப்புறம் ஏன்மா நிக்கல?"

"அதுவும் தெரியல."

ஃபுல்வியோ பலகையைக் காரின்மேல் சாய்த்து வைத்தார். "இதுல புரியாம என்ன இருக்கு மொதலாளி? பயத்துல கண்ணு கட்டிப் போச்சு. காசு குடுத்து வாங்குறவன் இந்த மாதிரி பலகையப் பாக்காமப் போனா எங்க போய் நிப்பான்? சுவத்துலதான்."

"எறங்க மனசு வரல அவளுக்கு," என்றார் மார்ட்சியா. "பச்சையில சொன்ன நேரத்துக்கு வந்துட்டாள்ல, பஸ்ல வந்தவ மாதிரி?"

"பஸ்னா பத்திரமா வீட்டுக்குப் போலாம்."

"அப்ப பஸ்ஸே ஓட்டு நீ."

எனக்கு இருவர் சொன்னதும் சரியாகப் பட்டது. ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் பொருந்துகின்றன. மறுபடி ஓட்டிப் பார்க்கவும் முடியாது. இப்போது பலகையைத் தேடிக்கொண்டேதான் ஓட்டுவேன். அதற்கு மேல், மார்ட்சியா போகக் கூடாது என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசை என் நினைவுக்குள் எவ்வளவு தூரம் கைவைத்திருக்கிறது என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை.

"நல்லா யோசிம்மா," என்றார் காவாட்சூட்டி. "சாயங்காலத்துக்குள்ள ஒண்ணச் சொல்லியாகணும். எல்லாக் காருக்கும் அதான் போகப் போகுது. கடைசி ரவுண்டுல என்ன ஞாபகம் இருக்கு?"

கண்ணை மூடினேன். "நாரை."

"என்னது?"

"வாய்க்கால்ல ஒரு சாம்பல் நாரை. பம்ப் அறையத் தாண்டி, கடைசி வளைவுக்கு முன்னாடி. தலையத் திருப்பிப் பாத்துச்சு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சூடானது.

"பச்சையில போறப்ப பாத்திருப்ப," என்றார் ஃபுல்வியோ.

"அப்ப வாய்க்காலே தெரியல. அங்கல்லாம் பனி."

அது உண்மை. அதைச் சொன்னபோதுதான் எனக்கே நிம்மதியாக இருந்தது.

காவாட்சூட்டி மெதுவாகச் சிரித்தார். "பயந்து கண்ணு கட்டிப் போனவ நாரையப் பாக்க மாட்டா ஃபுல்வியோ. அது நெசமா இருந்தா, இந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சிருக்கு. பலகைதான் வேணாம்னு இருந்திருக்கு. அந்த நாரை ஒரு எடத்துல நின்னா மணிக்கணக்கா நிக்கும். யாராவது போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு முழங்கால் ஒத்துக்காது."

"நான் போறேன்," என்றார் மார்ட்சியா.

"நீ வேணாம். நான் போறேன்," என்றார் ஃபுல்வியோ.

டிராக் காவலாளியின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தார். ஏறும் முன் மார்ட்சியாவை ஒருமுறை பார்த்தார். சண்டை போடுகிறவர் பார்க்கும் பார்வையாக அது இல்லை. மார்ட்சியா பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் நேர்ப்பாதையில் போய்ச் சிறியதாகி, பம்ப் அறைக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் ஆறிய காபியைக் குடித்தோம். திரும்பி வந்தபோது ஃபுல்வியோவுக்கு மூச்சு வாங்கியது.

"நிக்குது," என்றார். "ஒத்தக் கால்ல. மொறைக்குது."

காவாட்சூட்டி கைத்தடியால் வெள்ளைக் காரின் டயரைத் தட்டினார். முடிவு அவ்வளவுதான். மார்ட்சியா காரின் பின்பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

நான் ஹெல்மெட்டைப் பையில் வைக்கும்போது ஃபுல்வியோ பக்கத்தில் வந்தார்.

"ஸ்டுட்கார்ட்ல குளிரு ஜாஸ்தியாமே, டாக்டரம்மா?"

நான் நிமிர்வதற்குள் போய்விட்டார்.

திரும்பும் வழி அந்த வாய்க்காலை ஒட்டியே போகிறது. வெயில் வந்திருந்தது. மார்ட்சியா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினார். பம்ப் அறை வந்தது. அதைத் தாண்டி, கடைசி வளைவுக்கு நேராக, தண்ணீரில் ஒரு மரக்கம்பம் நின்றது. அதன் தலையில் கிழிந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சாக்கு தொங்கியது. வேறு எதுவும் அங்கே இல்லை.

கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகவும் பார்த்தேன். நாரை பறந்து போயிருக்கலாம். அல்லது ஃபுல்வியோ பார்த்ததும் இந்தச் சாக்கைத்தானா? சைக்கிளில் அவ்வளவு கிட்டே போனவர் சாக்கை நாரை என்பாரா? நான் பார்த்தது தலையைத் திருப்பியது, அது நன்றாக நினைவிருக்கிறது. காலையில் காற்று இல்லை. ஆனால் கார் வளைவில் திரும்பினால், நிற்கிற பொருளும் திரும்புவதுபோல்தான் தெரியும்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றார் மார்ட்சியா.

"ஒண்ணுமில்ல."

"நாளைக்குக் காலையில மொதல் வேலையா அவங்களுக்கு ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிடணும். பாவம், ஃபுல்வியோவுக்கு ஒண்ணுமே தெரியாது."

வாயைத் திறந்தேன். எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கம்பம் சின்னதாகிக்கொண்டே போனது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அது நாரையேதான்.