கைவரிசை

“என்னடி சொன்னே? திரும்பச் சொல்லு.”

“நான் கைவரிசைம்மா. டீச்சர்தான் சொன்னாங்க.”

சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். சட்டை கருகும் வாடை வந்தபிறகுதான் தூக்கினாள்.

“அடிப்பாவி! யார் சாமானை எடுத்தே?” என்று மகளின் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். களிமண் உருண்டை ஒன்று விழுந்தது. கூடவே, வாங்கின மெருகு குலையாத இரண்டாம் வகுப்புப் புத்தகம். அந்த மெருகுதான் அவளை உறுத்தியது. அடுத்த மாதம் வாசிப்புத் தேர்வு. தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். இவளுக்கோ இன்னும் எழுத்துக் கூட்டவே வரவில்லை.

மறுநாள் காலை மகளோடு வகுப்பு வாசலில் போய் நின்று, “எம்பொண்ணு என்னத்தை எடுத்தா, டீச்சர்?” என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மேலேயே சலவைக்காரிக்குச் சந்தேகம்.

“தப்பா நினைச்சிட்டீங்களேம்மா! இது புது முறை. சில பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கும், அது கண் வரிசை. சிலது கேட்டுக் கத்துக்கும், காது வரிசை. உங்க பொண்ணு செஞ்சு கத்துக்கிற ரகம். அதான் கை வரிசை.”

கேட்க என்னவோ தேனாகத்தான் இருந்தது. கண் வரிசை புத்தகம் படித்தது. காது வரிசை கதை கேட்டது. கை வரிசை கரும்பலகை துடைத்தது, குடத்தில் தண்ணீர் சுமந்தது. ஆகா, என்ன படிப்பு! சலவைக்காரி அந்தக் கை வரிசையின் முகங்களைப் பார்த்தாள். சாக்கடை அள்ளுகிறவர் மகன், செருப்புத் தைக்கிறவர் மகள், கூட்டுகிறவளின் இரட்டைப் பிள்ளைகள். அத்தனையும் அவள் தெரு. வேறு தெருப் பிள்ளை மருந்துக்குக்கூட இல்லை.

“பரீட்சை ஏதாச்சும் வச்சுப் பிரிச்சீங்களா, டீச்சர்?”

“பரீட்சை எதுக்கும்மா? பரம்பரையா கைவேலை பார்க்கிற குடும்பம். ரத்தத்துலேயே ஊறியிருக்குமே!”

சலவைக்காரி கத்தவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நேரே கண் வரிசைக்குப் போனாள். “கொஞ்சம் தள்ளி உக்காரு ராசா” என்று ஒரு பையனை நகர்த்தி, அவளை உட்காரவைத்துப் புத்தகத்தை விரித்தாள்.

“அவளுக்கு அதெல்லாம் புரியாதும்மா!”

“புரியலேன்னா கேப்பா. சொல்லிக்குடுங்க.”

டீச்சரின் முகம் கறுத்தது. “அப்போ தண்ணி யாரு கொண்டாந்து வைக்கிறது?” வாய் தவறி வந்துவிட்டது.

“குடிக்கிறவங்க கொண்டாரட்டும்” என்றாள் சலவைக்காரி.