பதினோராம் விதி

சிட்னி பிளாக்டவுனில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் உறுப்பினர் நாலு பேர், விதிகள் அடங்கிய யாப்பு பதினாறு பக்கம். எப்போதாவது தேவைப்படும் போத்தல் மூடி அடிக்கிற மெஷின் எல்லோருக்கும் பொது. ஆனால் கடைசியாகக் கொண்டுபோனவரே கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும்.

கடைசியாகக் கொண்டுபோன லோஜன் போன மாதம் இறந்துவிட்டார். தலைவர் சிவசோதியின் பியரோ இந்தக் கிழமைக்குள் போத்தலில் அடைத்து மூடாவிட்டால் பழுதாகிவிடும். யாப்போடு போய் மணியடித்தார். லோஜனின் மனைவி மயூரா கதவைத் திறந்தாள்.

குசினிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

"உள்ளுக்கு ஆர், பிள்ளை?"

"வேறை ஆர்? இவர்தான். ஒவ்வொரு பின்னேரமும் மூடி அடிக்கிறார். மெஷினைக் கொண்டுபோனால் அவரும் போயிடுவார், அங்கிள். விதி எண்டால் உள்ள போய் அவரிட்டையே கையெழுத்தை வாங்குங்கோ."

மறுபடியும் 'டக்'.

சிவசோதி காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"மெஷினைத் திருப்பித் தாற தவணையை நீடிக்கலாம், பிள்ளை. பதினோராம் விதியில இடமிருக்கு. எவ்வளவு காலமெண்டாலும்."