சாக்பீஸ் கோடு

இனி பஸ்ஸில் ஏறினால் என் பேர் கிளாரா இல்லை என்று போன ஐப்பசியில் சொல்லிவிட்டாள். சும்மா சொல்லவில்லை. மீன் நாறுது, இறங்கு என்று ஒரு கண்டக்டர் அவளையும் மீன் பாத்திரத்தையும் திங்கள்சந்தைக்கு இந்தப் பக்கமே ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மீன் விற்கிறவள் மேல் மீன் நாறாமல் பிச்சிப்பூவா மணக்கும்? அவனும் மத்தியானம் வீட்டுக்குப் போய் சாளைக் கறி ஊற்றித்தான் சோறு தின்றிருப்பான், அதை விடுங்கள். வெயிலில் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில், குளச்சலில் இருந்து தக்கலைச் சந்தைக்கு இனி சொந்த வண்டியில்தான் போவது என்று கிளாரா முடிவெடுத்தாள்.

அப்படி வந்ததுதான் அந்த வெள்ளை மாருதி. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வண்டி. பின்சீட்டைக் கழற்றி ஐஸ் பெட்டி வைத்தாள், லைசென்ஸ் எடுத்தாள், கூட மீன் விற்கிற கூட்டுக்காரி ஜின்சியையும் ஏற்றிக்கொண்டு நாலு மாதம் ராணி மாதிரி போய்வந்தாள். யார் கண் பட்டதோ, அதற்கப்புறம் வண்டி ஏற்றத்தில் இருமியது, சாரல் பட்டால் நின்றது. மூன்றாம் தடவை வழியில் நின்றபோது ஒரு பெட்டி அயலை மீன் முழுக்கக் கெட்டுப்போனது.

அவள் புருஷன் ஞானதாசன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "போதும் ஏட்டி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பழைய இரும்புக்காரன் வருவான். அதுக்குள்ள ஓடுனா ஓடட்டு. இல்லேண்ணா அவன் கெட்டி இழுத்துட்டுப் போவட்டு" என்றான். சத்தம் போட்டிருந்தால் எதிர்த்துச் சண்டை பிடித்திருக்கலாம். மெதுவாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை காலை செய்யது அலி வந்தார். ஓமனில் இருபது வருஷம் ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்துவிட்டு வந்த மெக்கானிக், ஊரில் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். அந்த ஜெனரேட்டர்கள் அவருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு காதையும் வாங்கிக்கொண்டன. அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கிளாராவுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை, மீன் ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை.

பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து கரண்டைப் பங்கு போடுகிற சாமான் அது. உள்ளே கரேலென்று ஆயில் வழிந்தது.

"கரண்டு ஓடுற எடத்துல ஆயிலு குளிச்சிட்டுக் கெடக்கு. பின்ன எப்பிடி வண்டி ஓடும்?" என்றார். "ஆயிலு கசியாம இருக்க உள்ள ஒரு சீலு, வெளிய ஒரு ரப்பர் வளையம். ரெண்டும் செத்துப்போச்சு. எவனோ அதுக்கு மேல பசையத் தேச்சு வச்சிருக்கான், வெளங்காதவன்."

"செரியாவுமா காக்கா?"

"ஆவும். சாமான் நாகர்கோவில்லயிருந்து கொண்டாந்துட்டேன். நேத்து நீ வெவரம் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

கிளாராவுக்கு ஒரு வாரமாக இறங்காத மூச்சு இறங்கியது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

செய்யது அலி ஒரு சாக்பீஸை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரில் பாதியும் இஞ்சினில் பாதியுமாக விழும்படி ஒரு கோடு போட்டார். திருப்பி மாட்டும்போது இரண்டு பாதியும் சேர வேண்டும், இம்மி விலகினாலும் கரண்டு நேரம் தப்பிப் போகும் என்றும் சொன்னார். சொன்ன நேரத்தில் கிளாரா ஐஸ் கம்பெனிக்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் அதைக் கழற்றி, பழைய சீலைத் தட்டி எடுத்து, புதுசை இறக்கி, வளையத்தையும் மாட்டி ஒரு பேப்பரில் வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் கிளாரா என்ன செய்தாள் தெரியுமா? டீசலில் துணியை நனைத்தாள். கடப்புறத்தில் இஞ்சினைத் திறந்தால் டீசல் துணியால் ஒரு துடை துடைக்காமல் யாரும் மூட மாட்டார்கள். உப்புக் காற்று மீன்பிடி வள்ளத்து இஞ்சினைத் தின்றுவிடும் என்ற பயம், பிறந்ததிலிருந்து வருகிற கைப்பழக்கம். ஆயில், புழுதி, பழைய பசை எல்லாவற்றையும் வழித்தெடுத்தாள். பேப்பரில் இருந்ததையும் விடவில்லை. காக்கா வந்தால் மெச்சுவார் என்று வேறு நினைப்பு.

இரண்டு மணிக்கு வந்த செய்யது அலி இஞ்சினைப் பார்த்தார். கையிலிருந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"கோடு எங்க?"

"எந்தக் கோடு?"

அவர் சொல்லச் சொல்ல, தான் எதைத் துடைத்தோம் என்று கிளாராவுக்குப் புரிந்தது. கோடு இல்லாவிட்டால் லைட்டு வைத்துப் பார்த்துச் சேர்க்கிற கருவி உண்டாம். அவருடையது பழுதாகிக் கிடக்கிறதாம். "காது நல்லா இருந்த காலத்துல சத்தத்த வச்சே சேத்துருவேன். இப்ப சவம், பள்ளியில பாங்கு சொல்லுறதே எனக்கு ஒழுங்காக் கேக்கல" என்றார். கிளாராவுக்கு அழுகை வந்தது. கண்டக்டர் மேல் இல்லை, புருஷன் மேல் இல்லை, தன் கை மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "சத்தம்தானே காக்கா? இருட்டுல கரையில நின்னா, வர்றது பெனிட்டோ வள்ளமா எங்க வீட்டு வள்ளமான்னு அரை மைலுக்கு அங்கயே சொல்லிருவேன். இஞ்சின் சொகமா வருதா, மொனங்கிட்டு வருதான்னும் சொல்லுவேன். நீங்க சாவியப் போடுங்க."

செய்யது அலி ஸ்பானரைக் கையில் எடுத்தார். பிறகு முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் பெருவிரலை வைத்து, இஞ்சினை மெதுவாகச் சுற்றி, காற்று விரலைத் தள்ளுகிற இடத்தில் நிறுத்தினார். அதற்குத் தக்க டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, பிளக்கையும் மூடியையும் திரும்ப மாட்டினார். "முக்காலும் சேந்தாச்சு. மிச்சம் ஒன் காதுதான். வயர்ல கை வைக்காத. அடியில துணி வச்சுப் பிடி. பைய, முடி அளவு திருப்பு."

சாவியைப் போட்டார். டப்பென்று ஒரு வெடி. முருங்கையில் இருந்த காக்கைகள் பறந்தன. கிளாரா கையை எடுக்கவில்லை. ஒரு முடி திருப்பினாள், இருமியது. இன்னும் ஒரு முடி. பிடித்துக்கொண்டது, ஆனால் மூன்று துடிப்பில் ஒன்று நொண்டியது. தண்ணீர் புகுந்த வள்ளம் அலையில் ஏற முடியாமல் வரும்போது இப்படித்தான் கேட்கும், அவள் எத்தனை தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். கண்ணை மூடினாள். அந்தப் பக்கம் திருப்பினாள், கூடிப்போனது, திரும்ப ஒரு துளி இந்தப் பக்கம் கொண்டுவந்தாள்.

நொண்டல் நின்றது. கடல் அமைதியாக இருக்கிற நாளில் நிறைய மீனோடு வருகிற வள்ளத்தின் சத்தம் வந்தது.

"இதுதான் காக்கா. முறுக்குங்க" என்றாள். அவர் இறங்கி ஓடிவந்து போல்ட்டை முறுக்கினார். பிறகு இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காதில் கேட்காதது கையில் கேட்டிருக்க வேண்டும். "கொள்ளாம்" என்றார். வாயால் ஒரு ஆளைப் பாராட்டுவது அவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

மணி மூன்றே முக்கால். அரை மணி ஓடியும் வளையத்தில் ஒரு பொட்டு ஆயில் கசியவில்லை. இனி ஒரு நிமிஷமும் தாமசிக்கக் கூடாது என்று கிளாரா வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கே விட்டாள். ஞானதாசன் அங்கேதான் வலை முடைந்துகொண்டிருப்பான், இரும்புக்காரனும் அவனைத் தேடி அங்கேதான் வருவான். கோவிலடித் திருப்பத்தில் ஏற்றம் வந்தது. வண்டி இருமவில்லை.

ஞானதாசன் தனியாக இருந்தான். தலையைத் தூக்காமல் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். இரும்புக்காரனைக் காணவில்லை.

"இன்னும் வரலியா அவன்?"

"வந்தான். போவச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீ கோவிலடி திரும்பும்போ. சத்தம் கேட்டுதுல்லா."

கிளாரா கதவைத் திறந்து இறங்கினாள். "வேற ஆருக்க வண்டியாட்டு இருந்திருந்தா?"

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். "இருவத்திரண்டு வருசமா நீ கரையில நிக்குத. ஒரு நாளாவது வேற ஆருக்க வள்ளத்தையும் நம்ம வள்ளம்ன்னு நெனச்சிருக்கியா?"

கிளாராவுக்கு வண்டியை அணைக்க மனசு வரவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஞானதாசன் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவந்து, பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டி சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.

"நாளைக்குத் தக்கலைக்கு எத்தன மணிக்கு எறங்குத?" என்று கேட்டான்.