டாலர் ஏறினால் முளைக்கும் படி

டாலர் விலை அரை ரூபாய் ஏறினால் அப்துல் வஹீத் கடையின் மாடிப்படியில் ஒரு படி கூடிவிடும். தி. நகர் உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில், முதல் மாடியில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடை அது. அடியில் தரையைப் பிளந்துகொண்டு புதுப்படி முளைக்கும். கடை அந்த அளவு மேலே போகும். ரிசர்வ் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று விலையை அடக்கும் நாட்களில் ஒரு படி உள்ளே போகும், மறுவாரம் திரும்பி வரும். வீட்டுக்காரர் உயரத்துக்கு ஏற்ப வாடகையைக் கூட்டிக்கொண்டார்.

அதே சந்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் ஜைதூன் பீக்கு மூட்டுவலி. மகள் புஷ்ரா சிகாகோவில் படிக்கிறாள். கட்டணத்துக்கான பணத்தோடு அவர் பாதி ஏறுவதற்குள் கீழே இன்னொரு படி முளைத்து, கையில் இருப்பது போதாமல் போகும். இந்த முறை கட்டாவிட்டால் புஷ்ரா படிப்பை விட்டுத் திரும்ப வேண்டியதுதான். படிகளின் திருப்பத்திலோ, பிள்ளைகள் அனுப்பிய டாலரை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏறட்டும் என்று ஒரு கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் காத்திருக்கக் காத்திருக்கப் படிகள் வேகமாக முளைத்தன.

போன ஜூனில் ஒருநாள் ஜைதூன் பீ ஏறவில்லை. அடுத்த படி முளைக்க வேண்டிய இடத்தில் ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா ஆபா, வழில குந்திக்கினு கீறீங்க?" என்றார் வஹீத் மேலிருந்து.

"இனிமே படி வராது பாய். வந்தா என்னையும் தூக்கிக்கினு வரட்டும்."

"ரிசர்வ் பேங்க்கு மாதிரி பெரிய பெரிய ஆளுங்களாலயே நிறுத்த முடியல. நீங்க குந்தி நிறுத்திடுவீங்களா?"

"அவங்க எழுந்துட்டாங்க. நான் எழுந்துக்க மாட்டேன்."

அடியில் படி கன்றுக்குட்டி போல முட்டியது. ஜைதூன் பீ தொழப் போனபோது மீன்கார தேசம்மா கூடையோடு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். மற்ற கடைகளில் ஏறியும் வஹீதின் பலகையில் விலை அசையவில்லை. ஊரிலேயே மலிவு என்று வாங்குபவர்கள் குவிந்தார்கள். மேசை டிராயரில் டாலர் காலியானது. வஹீத் கதவைச் சாத்தப் போனார்.

"ஏன் சாத்துறீங்க? டீ குடிக்கிறவங்க மடில கீது பாருங்க டாலரு," என்றார் ஜைதூன் பீ, அவர்களுக்குக் கேட்கும்படியாகவே.

இனி விலை ஏறாது என்று முதலில் தோன்றியது டீ குடித்துக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்துக்கு. அவர் போய் விற்றதும் மற்றவர்கள் இடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் விற்க விற்கப் படிகள் தரைக்குள் இறங்கின. ஜைதூன் பீ ஏறிப் போய்க் கட்டணத்தைக் கட்டினார்.

டாலர் மற்ற இடங்களில் அதன்பிறகும் ஏறியது. அந்தச் சந்தில் ஏறவில்லை. யாராவது ஒரு பெண் எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். டாலர் வாங்க வருபவர்கள் சற்று ஒதுங்கி ஏறிப் போகிறார்கள். ஃபால்ஸ் தைக்க வருபவர்கள் ஏறுவதில்லை; படியடியிலேயே புடவையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.